எச்-குறியீடா, துறைச் சராசரியா, ஐந்து கட்டுரைகளா? வெவ்வேறு துறை ஆய்வாளர்களை எதை வைத்து ஒப்பிடுவது

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், கோரிமேட்டில் ஜிப்மர், இந்திரா நகரில் கொசுவழி நோய்களை ஆராயும் விசிஆர்சி, கடற்கரைக்குப் பக்கத்தில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று புதுச்சேரியிலேயே நான்கு விதமான ஆய்வு நடக்கிறது. கடலூர் மாவட்டத்துக்குள் இறங்கினால் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் உயராய்வு மையம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அரை நாளில் பஸ்ஸில் போய்விடக்கூடிய இந்தத் தூரத்துக்குள் கணிதம், மருத்துவம், நண்டு வகைப்பாடு, ஓலைச்சுவடிப் பதிப்பு எல்லாம் உண்டு. கல்லூரியின் தேர்வுக் குழுவிலோ, உள்தர உறுதிக் குழுவான ஐக்யூஏசியிலோ உட்காருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இதுதான்: ஒரே விருதுக்கு, ஒரே பதவிக்கு, ஒரே நிதிக்கு இவர்கள் எல்லோரும் விண்ணப்பித்தால் எந்த எண்ணைப் பார்ப்பது?

நெல்லைப் படியாலும் துணியை முழத்தாலும் அளக்கிறோம். ஒரு கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை குறிப்பிட்டார்கள் என்ற மேற்கோள் எண்ணிக்கையில் மட்டும் எல்லாத் துறைக்கும் ஒரே படியை நீட்டுவது எப்படி நியாயமாகும்? ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளில் எத்தனை, குறைந்தது அத்தனை மேற்கோளாவது பெற்றன என்று சொல்லும் எச்-குறியீட்டை 2005இல் அறிமுகப்படுத்திய இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் தன் முதல் கட்டுரையிலேயே இந்த வேறுபாட்டைக் காட்டினார். அன்றைக்கு இயற்பியலில் உச்சத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110. உயிர்அறிவியலில் உச்சத்தில் இருந்த சாலமன் ஸ்னைடருக்கு 191. இருவரும் அவரவர் துறையின் சிகரம். எண்ணை மட்டும் பார்த்தால் ஒருவர் மற்றவரில் பாதியைச் சற்றே தாண்டியவராகத் தெரிகிறார்.

## முதலில், எதை எதிர்பார்க்கிறோம்

எந்த அளவையை எடுத்தாலும் ஆறு கேள்விகள் கேட்க வேண்டும். துறை மாறினாலும் அது செல்லுபடியாகுமா? பணி தொடங்கி 6 ஆண்டு ஆனவரையும் 30 ஆண்டு ஆனவரையும் நியாயமாக நடத்துமா? 3 பேர் எழுதிய கட்டுரையையும் 300 பேர் எழுதியதையும் பிரித்துப் பார்க்குமா? அதை ஊதிப் பெருக்குவது எவ்வளவு எளிது? சந்தா இல்லாத கல்லூரியும் கணக்கிட முடியுமா? நூல், தமிழ்க் கட்டுரை, சுவடிப் பதிப்பு ஆகியவை அதன் கண்ணில் படுமா?

இவற்றில் முதல் கேள்விதான் மற்றவற்றை விழுங்கிவிடும். ஒரு துறையின் சராசரி மேற்கோள், பெரும்பாலும் அத்துறையினர் கட்டுரைக்குப் பின்னால் எத்தனை மேற்கோள் போடுகிறார்கள், எவ்வளவு புதிய கட்டுரைகளைப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மூலக்கூற்று உயிரியலில் ஒரு கட்டுரை 40, 50 மேற்கோள்களைச் சாதாரணமாகச் சுமக்கும். கணிதத்தில் பொதுவாக அதைவிடக் குறைவு, அதிலும் பல 20 ஆண்டு பழையவை. ஆள் அதிகமுள்ள துறையில் மேற்கோளும் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆள் பெருகினால் மேற்கோள் தருபவரும் பெருகுவர், பெற வேண்டிய கட்டுரைகளும் பெருகும். ஆகவே ஆள் கூட்டம் உச்ச எண்ணைத்தான் உயர்த்தும், சராசரியை உயர்த்துவது மேற்கோள் பட்டியலின் நீளம்.

வகைப்பாட்டியலில் இன்னொரு சிக்கல் உண்டு. பிச்சாவரத்துச் சேற்று நண்டைப் பற்றி எழுதுபவர் ‘ஸ்கில்லா செராட்டா (ஃபோர்ஸ்கால், 1775)’ என்று பெயரிட்டவரையும் ஆண்டையும் குறிப்பிடுவார். ஆனால் அந்த 1775 நூலை மேற்கோள் பட்டியலில் சேர்க்க மாட்டார். புதிய புழுவையோ மீனையோ விவரித்த பரங்கிப்பேட்டை ஆய்வாளருக்கும் இதே கதிதான். அவர் கொடுத்த பெயர் நூறு கட்டுரைகளில் வரும், மேற்கோள் கணக்கில் ஒன்றும் ஏறாது.

## எண்ணுக்கு முன்னால் பட்டியல்

எந்த அளவையைத் தேர்ந்தெடுத்தாலும், அதன் அடியில் ஒரு கட்டுரைப் பட்டியல் இருக்கிறது. பட்டியல் தவறாக இருந்தால் எண்ணைப் பற்றி வாதிடுவதே வீண். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது பெரிய பிரச்சினை.

ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தரவுத்தளங்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கின்றன. கே. செந்தில்குமார் என்று சேர்த்து எழுதினால் ‘செந்தில்குமார், கே.’ என்று ஒரு பக்கம் உருவாகும். அவரே இன்னொரு கட்டுரையில் கே. செந்தில் குமார் என்று பிரித்து எழுதினால் ‘குமார், கே.எஸ்.’ என்று வேறொருவர் பிறந்துவிடுவார். திருமணத்துக்குப் பின் தந்தையின் இனிஷியலை விட்டுக் கணவரின் இனிஷியலை ஏற்கும் பெண்களின் பட்டியல் இரண்டாக உடைவது மிகச் சாதாரணம். எதிர்ப்பக்கம், ‘முருகன், ஆர்.’ என்ற ஒரே பக்கத்தில் மூன்று முருகன்கள் குடியிருப்பதும் உண்டு.

ஊர்ப் பெயரும் அப்படியே. 2006இல் யூனியன் பிரதேசத்தின் பெயர் புதுச்சேரி ஆனது. பல்கலைக்கழகமோ பாண்டிச்சேரி என்ற பெயரிலேயே தொடர்கிறது. முகவரியில் இரண்டும் வரும். பரங்கிப்பேட்டையின் பழைய கட்டுரைகள் போர்ட்டோ நோவோ என்ற முகவரியில் கிடக்கின்றன. நிறுவனப் பெயரை வைத்துத் தேடினால் இவை விடுபட்டுப்போகும்.

உடைந்த பக்கங்களைச் சேர்க்கும்போது எச்-எண்களைக் கூட்டிவிடக் கூடாது. ஒரு பக்கத்தில் 20, 16, 14, 10, 9, 8, 7 மேற்கோள் பெற்ற ஏழு கட்டுரைகள்; எச் 7. மறுபக்கத்தில் 18, 13, 12, 9, 6, எச் 5. இரண்டையும் சேர்த்து இறங்குவரிசையில் அடுக்கினால் ஒன்பதாவது கட்டுரைக்கு 9 மேற்கோள், பத்தாவதற்கு 8. ஆக எச் 9. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று விண்ணப்பத்தில் எழுதினால் அது தவறு. 7 என்று விட்டுவிட்டால் அவருக்கு அநியாயம்.

தீர்வு எளிது, பொறுமைதான் வேண்டும். 2012இல் வந்த ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை எல்லோரும் இலவசமாகப் பெறலாம். விண்ணப்பதாரரிடம் ஆர்க்கிட் எண்ணையும், ஒவ்வொரு கட்டுரையின் டிஓஐ எண் (கட்டுரைக்குத் தனியே தரப்படும் நிரந்தர அடையாள எண்) கொண்ட பட்டியலையும் கேளுங்கள். ஸ்கோபஸ் பக்கம் உடைந்திருந்தால், சந்தா இல்லாமலேயே ஆய்வாளர் தாமே திருத்தக் கோரிக்கை அனுப்பலாம். திருத்தம் ஏறச் சில வாரங்கள் பிடிக்கலாம் என்பதால் விண்ணப்பத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே செய்வது நல்லது.

எந்தத் தளத்திலிருந்து எண்ணை எடுப்பது?

கூகுள் ஸ்காலர் இலவசம். நூல், மாநாட்டுத் தொகுப்பு, ஆய்வேடு, தமிழ்க் கட்டுரை எல்லாவற்றையும் ஓரளவு பார்க்கும். அதனாலேயே எண் பெரிதாக வரும். ஆனால் தரச் சோதனை கிடையாது, சுயமேற்கோளை நீக்கும் பொத்தானும் கிடையாது. 2010இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர், ஐக் ஆன்ட்காரே என்று இல்லாத ஒருவரைப் படைத்து, கணினி எழுதிய போலிக் கட்டுரைகளை இணையத்தில் வைத்து, அவருக்கு கூகுள் ஸ்காலரில் எச் 94 வரவழைத்துக் காட்டினார். கூகுள் ஸ்காலர் பக்கத்தை ஆய்வாளர் தாமே நிர்வகிக்கிறார். ஒரே பெயருள்ள பிறரின் கட்டுரைகள் தானாகச் சேர்ந்துகொள்வதும் நடக்கும். குழு அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது வரிவரியாகப் பார்த்தாக வேண்டும்.

ஸ்கோபஸ் 2004இல் எல்செவியர் தொடங்கியது. முழு வசதிக்குச் சந்தா வேண்டும். ஆசிரியர் பக்கத்தையும் எச்-எண்ணையும் இலவச முன்னோட்டத்திலேயே பார்க்கலாம். அறிவியல், பொறியியல், மருத்துவத்துக்குப் போதுமானது. தமிழாய்வுக்கு ஏறக்குறைய குருடு.

வெப் ஆஃப் சயின்ஸ் யூஜின் கார்ஃபீல்டின் 1964 அறிவியல் மேற்கோள் அட்டவணையின் வாரிசு. இதழ்களைச் சலித்து எடுப்பதால் எண் சிறிதாக வரும். முழுதாகப் பயன்படுத்தச் சந்தா வேண்டும்.

ஓப்பன்அலெக்ஸ் 2022இல் வந்தது, இலவசம். ஒவ்வொரு கட்டுரைக்கும் துறைச் சராசரியோடு ஒப்பிட்ட எண்ணையும் விழுக்காட்டு நிலையையும் தருகிறது. சந்தாவுக்கு வழியில்லாத கலைக் கல்லூரிகளுக்கு இது பெரிய வரம். பெயர்க் குழப்பம் ஸ்கோபஸைவிட அதிகம். அதனால் ஆசிரியர் பெயரால் தேடாமல் டிஓஐயால் தேடுங்கள்.

விதி ஒன்றுதான்: எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே தளம், ஒரே நாள். ஒருவருக்குக் கூகுள் ஸ்காலர், மற்றவருக்கு ஸ்கோபஸ் என்று எடுத்தால் ஒப்பீடு அங்கேயே செத்துவிடும்.

## எச்-குறியீடு

ஒருவருக்கு எச் 12 என்றால், குறைந்தது 12 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 12 இருக்கின்றன என்று பொருள். ஒரே ஒரு பெரிய கட்டுரை எண்ணைத் தூக்கிவிட முடியாது, மேற்கோளே இல்லாத ஐம்பது கட்டுரைகளும் உயர்த்த முடியாது. இது அதன் நல்ல குணம். கணக்கிட இரண்டு நிமிடம்.

மறைந்திருக்கும் விலை வேறு. எச் ஒருபோதும் இறங்காது. ஆராய்ச்சியை நிறுத்தி 15 ஆண்டு ஆனவருக்கும் ஏறிக்கொண்டே போகும். கூட்டாசிரியர் 5000 பேரானாலும் ஒவ்வொருவருக்கும் முழு மேற்கோள். ஹிக்ஸ் துகளின் நிறையை அறிவித்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5154 பேர். துறையை எச் கண்டுகொள்வதே இல்லை. வயதுக் கோளாறைச் சரிக்கட்ட, எச்சை முதல் கட்டுரையிலிருந்து கடந்த ஆண்டுகளால் வகுக்கலாம் என்று ஹிர்ஷே சொன்னார். இயற்பியலில் 1 வந்தால் நல்ல ஆய்வாளர், 2 வந்தால் தனித்து நிற்பவர் என்பது அவர் கணக்கு. அந்த 1ஐ எடுத்துக் கணிதத்துறைக்கோ வரலாற்றுத்துறைக்கோ அளவுகோலாக வைப்பது தவறு. பிள்ளைப்பேற்றுக்காக இடைவெளி எடுத்தவர்களுக்கு அந்த ஆண்டுகளைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.

எச்சை நல்ல சோதனைக் கருவியாக இன்னொரு விதத்தில் பயன்படுத்தலாம். மொத்த மேற்கோளின் வர்க்கமூலத்தை 0.54ஆல் பெருக்கினால், பொதுவாக எச் அதற்கு அருகில் வரும். 400 மேற்கோள் என்றால் வர்க்கமூலம் 20, எச் சுமார் 11. ஒருவருக்கு 2600 மேற்கோள் இருந்து எச் 19தான் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 27 அல்லது 28 காட்டுகிறது. அப்படியானால் எங்கோ ஒரு ராட்சதக் கட்டுரை இருக்கிறது. அதைத் தேடி எடுத்து, அதில் அவர் பங்கு என்ன என்று கேளுங்கள்.

பொருந்தும் இடம்: ஒரே உட்துறை, ஏறக்குறைய ஒரே பணிமூப்பு, ஒரே தளம். புதுவையிலும் சிதம்பரத்திலும் உள்ள இரண்டு கரிம வேதியியலாளர்களை, இருவரும் 2010 வாக்கில் தொடங்கியவர்கள் என்றால், ஒப்பிடலாம். அதைத் தாண்டி வேண்டாம்.

## மொத்த மேற்கோளும் ஐ10-உம்

ஐ10 என்பது 10 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. கூகுள் ஸ்காலர் 2011இல் கொண்டுவந்தது. எச்சின் குறைகள் எல்லாம் இதற்கும் உண்டு.

மொத்த மேற்கோளைத் தூக்கிவிடுபவை இரண்டு. ஒன்று, முறையியல் கட்டுரை: புரதத்தை அளக்கும் வழியைச் சொன்ன ஆலிவர் லௌரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. மற்றொன்று, நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திடும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வுகள். ஒரு மாவட்டத்துத் தரவைத் தந்தவருக்கும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் சேரும். அந்தப் பணி மதிப்பில்லாதது என்று சொல்லவில்லை. ஆனால் மேற்கோளை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து இன்னொரு நெடுவரிசையில் எழுதினால் உண்மைப் படம் தெரியும்: 300 பேர் எழுதிய கட்டுரையின் 1500 மேற்கோள் ஒருவருக்கு 5.

## யுஜிசி மதிப்பெண்ணும் இம்பாக்ட் ஃபேக்டரும்

கல்லூரிகளில் உண்மையில் வேலை செய்வது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, அறிவியல், பொறியியல், மருத்துவத் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 8 புள்ளி; மொழி, கலை, சமூக அறிவியலில் 10. அதற்கு மேல் இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்) பொறுத்துக் கூடுதல்: எண் இல்லாத மதிப்பாய்வு இதழுக்கு 5, ஒன்றுக்குக் கீழ் 10, ஒன்று முதல் இரண்டு வரை 15, இரண்டு முதல் ஐந்து வரை 20, ஐந்து முதல் பத்து வரை 25, பத்துக்கு மேல் 30. இணைப் பேராசிரியர் ஆகக் குறைந்தது 7 கட்டுரை, 75 புள்ளி. பேராசிரியர் ஆக 10 கட்டுரை, 120 புள்ளி.

எழுதப்பட்ட விதி என்பதால் எல்லோருக்கும் ஒன்றாகச் செல்லும், தணிக்கையில் நிற்கும், முறையீடு வந்தால் காட்டக் காகிதம் இருக்கும். கலைத் துறைகளுக்கு 2 புள்ளி கூட்டியதில் துறை வேறுபாட்டைப் பற்றிய அக்கறையும் தெரிகிறது.

விலை இங்கே: இம்பாக்ட் ஃபேக்டர் என்பது இதழின் சராசரி, இரண்டு ஆண்டுச் சாளரத்தில் எடுத்தது. கணிதக் கட்டுரையின் மேற்கோள்களில் பெரும்பகுதி பல ஆண்டு கழித்தே வரும். சாளரம் அதற்குள் மூடிவிடும். ஆகவே கணிதத்தின் தலைசிறந்த இதழ்களிலும் பெரும்பாலானவை பத்துக்குக் கீழேயே நிற்கின்றன. புற்றுநோய் மருத்துவத்தில் பல நூறு எண்ணுள்ள இதழே உண்டு. கணிதத்தார் தம் துறையின் சிகரத்தில் ஏறினாலும் 30 புள்ளியைத் தொடுவது அரிது. மேலும், ஒரு இதழின் மேற்கோள்களில் பெரும்பங்கு அதன் சில கட்டுரைகளுக்கே போகிறது. மீதிக் கட்டுரைகள் சராசரியின் நிழலில் நிற்கின்றன.

ஆசிரியர் பங்கீட்டையும் கவனியுங்கள். இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 70 விழுக்காடு. அதற்கு மேல் என்றால் முதல் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70, மற்றவர் ஒவ்வொருவருக்கும் 30. ஐந்து பேர் எழுதினால் மொத்தம் 190 விழுக்காடு. பதினொரு பேர் எழுதினால் 370. தனியே எழுதினால் 100தான். பெயர்களை நீட்டிக்கொண்டே போகும் வழக்கத்துக்கு இந்தக் கூட்டலே ஒரு தூண்டுதல். கணிதத்தில் ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில்தான் வரும். அருள் முதல் ஆசிரியர் ஆவதும் விஜயன் கடைசியாக நிற்பதும் பெயரின் முதலெழுத்தால்தான். அந்தத் துறையில் முதல் ஆசிரியர் விதியை இயந்திரம்போல் செலுத்தினால் விஜயன் வாழ்நாள் முழுக்க 30 விழுக்காட்டில் இருப்பார்.

ஏற்கத்தக்க இதழ்கள் எவை என்று சொல்ல 2018இல் தொடங்கிய கேர் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. இதழின் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பு இப்போது கல்லூரியின் கையில். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழா என்று குழுவே பார்க்க வேண்டும்: ஆசிரியர் குழுவின் பெயர்கள் உண்மையா, கட்டுரை வந்த தேதிக்கும் ஏற்ற தேதிக்கும் எத்தனை நாள், தலைப்புக்குச் சம்பந்தமில்லாத துறைகள் ஒரே இதழில் வருகின்றனவா.

பொருந்தும் இடம்: தகுதிக்கான கதவு. விதி கேட்கிறது, கடந்தாக வேண்டும். கடந்து உள்ளே வந்தவர்களில் யார் சிறந்தவர் என்பதற்கு இந்தப் புள்ளியை நீட்டிக்க வேண்டாம்.

## துறைச் சராசரியோடு ஒப்பிடும் எண்கள்

அதே ஆண்டு, அதே துறை, அதே வகைக் கட்டுரை (மதிப்புரையா, மூல ஆய்வா) உலகச் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றது என்று பார்த்து, நம் கட்டுரையின் மேற்கோளை அதால் வகுப்பது. 1 என்றால் உலகச் சராசரி. கணிதக் கட்டுரைக்கு 6 மேற்கோள், எதிர்பார்ப்பு 3 என்றால் 2.0. மருத்துவக் கட்டுரைக்கு 20 மேற்கோள், எதிர்பார்ப்பு 20 என்றால் 1.0. துறை தாண்டிய ஒப்பீட்டுக்கு இதுவே முதல் உண்மையான வழி.

ஸ்கோபஸில் இதற்கு எஃப்டபிள்யூசிஐ என்று பெயர். வெளியான ஆண்டையும் அடுத்த மூன்று ஆண்டுகளையும் எடுத்துக்கொள்ளும். உயிர்மருத்துவத்துக்கு அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு அமைப்பான என்ஐஎச் தரும் ஆர்சிஆர் என்ற எண்ணை அதன் ஐசைட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட்டில் உள்ள கட்டுரைகளுக்கு மட்டும். அங்கே 1.0 என்பது என்ஐஎச் நிதி பெற்ற கட்டுரைகளின் நடு எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது), ஆகவே ஸ்கோபஸின் 1.0உம் இதுவும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் எழுதிவிடாதீர்கள்.

தவறும் இடங்கள் மூன்று. முதலாவது சராசரியின் ஏமாற்று: ஐந்து கட்டுரைகளுக்கு 0, 0.5, 0.5, 1, 18 என்றால் சராசரி 4.0, நடு எண் 0.5. விண்ணப்பத்தில் 4.0 என்று பார்ப்பவர், உலகத் தரத்தைவிட நான்கு மடங்கு என்று நினைப்பார். இரண்டாவது, புதிய கட்டுரை: இந்த ஆண்டு வெளியானதற்கு எதிர்பார்ப்பு 0.3 மேற்கோள்தான் என்றால், ஒரே ஒரு மேற்கோள், அதுவும் தானே தனக்குக் கொடுத்தது, 3.3 ஆகிவிடும். இரண்டு ஆண்டு ஆகாத கட்டுரைகளை ஒதுக்கிவையுங்கள். மூன்றாவது, துறை முத்திரை. பெரும்பாலும் இதழைப் பார்த்துத்தான் துறை ஒதுக்கப்படுகிறது. யானைக்கால் நோய்ப் பரவலுக்குக் கணித மாதிரி செய்பவர் ஒட்டுண்ணியியல் இதழில் எழுதினால் ஒரு எதிர்பார்ப்பு, கணித இதழில் எழுதினால் வேறு. ஆர்சிஆர் இதற்காகவே இதழை விட்டுவிட்டு, அக்கட்டுரையோடு சேர்ந்து மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளைத் துறையாக எடுத்துக்கொள்கிறது.

## விழுக்காட்டு நிலை

சராசரியின் ஏமாற்றுக்கு மருந்து இது. ஒவ்வொரு கட்டுரையும் தன் துறை, ஆண்டுக்குள் முதல் 10 விழுக்காட்டில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறோம். 18 மடங்கு பெற்ற கட்டுரையும் 3 மடங்கு பெற்றதும் ஒரே புள்ளி. ஒரு ராட்சதக் கட்டுரை மற்றதையெல்லாம் மறைக்க முடியாது. உலகச் சராசரி ஆய்வாளருக்கு 100க்கு 10 கட்டுரை இதில் வரும்.

எங்கள் தேர்வு இதுவே. ஆனால் எண் சிறிதாக இருக்கும்போது அடக்கமாகப் பேச வேண்டும். 20 கட்டுரையில் 4 முதல் 10 விழுக்காட்டில் இருந்தால் எதிர்பார்ப்பின் இரண்டு மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சராசரி ஆய்வாளர் ஒருவருக்கே தற்செயலாக 20இல் 4 அல்லது அதற்கு மேல் வர 100க்கு 13 வாய்ப்பு உண்டு. ஆகவே 20இல் 3 பெற்றவரையும் 4 பெற்றவரையும் முன்பின்னாக வரிசைப்படுத்த எந்த நியாயமும் இல்லை. இருவரும் சமம் என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

## ‘உலகின் 2 விழுக்காடு’ பட்டியல்

உலகில் அதிகம் மேற்கோள் பெற்ற 2 விழுக்காட்டு ஆய்வாளர்களின் பட்டியல்; ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவிலிருந்து ஆண்டுதோறும் வெளியிடுவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வழங்கும் விருது அன்று. மொத்த மேற்கோள், எச், கூட்டாசிரியரைக் கணக்கில் கொண்ட எச், தனி ஆசிரியராக, முதல் ஆசிரியராக, கடைசி ஆசிரியராகப் பெற்ற மேற்கோள்கள் என ஆறு எண்களைச் சேர்த்து ஒரு கூட்டெண். 174 உட்துறைகளுக்குள் வரிசை தருகிறது. அட்டவணையை யாரும் பதிவிறக்கலாம்.

பார்க்க வேண்டியது மூன்று. வாழ்நாள் அட்டவணையா, ஒற்றை ஆண்டு அட்டவணையா? இரண்டும் வேறு. சுயமேற்கோள் நீக்கிய வரிசை எண் எவ்வளவு இறங்குகிறது? திரும்பப் பெற்ற கட்டுரை உண்டா? 2024 பதிப்பிலிருந்து அதற்கும் நெடுவரிசை இருக்கிறது. முதல், கடைசி இடத்துக்கு எடை தருவதால் அகரவரிசைத் துறைகளுக்கு இதுவும் பொருந்தாது. இளையவர்களுக்கு வாழ்நாள் அட்டவணையில் இடம் கிடைப்பது அரிது.

## ஐந்து கட்டுரைகளைப் படிப்பது

விண்ணப்பதாரர் தம் சிறந்த ஐந்து பணிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் எழுதித் தருவார்: கேள்வி என்ன, விடை என்ன, தன் கை எது, யார் பயன்படுத்தினார்கள். துறை அறிந்த இரண்டு வெளியாட்கள் படித்துக் கருத்து எழுதுவார்கள். ஆய்வு மதிப்பீடு பற்றி 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனமும் 2015இன் லைடன் அறிக்கையும் இந்தப் பக்கமே கையைக் காட்டுகின்றன.

விலை நேரம். 6 விண்ணப்பதாரர், ஆளுக்கு 5 பணி, ஒன்றுக்கு 2 மணி நேரம், இரண்டு வாசகர் என்றால் 120 மணி நேரம். வெளியாள் கிடைப்பதும், சொந்தபந்தம், பழைய வழிகாட்டி உறவு இல்லாதவராக இருப்பதும் சிறு வட்டாரத்தில் கடினம். ஆகவே எல்லா விண்ணப்பத்துக்கும் செய்யாமல், கடைசிச் சுற்றுக்கு வந்த மூவருக்குச் செய்யுங்கள். 60 மணி நேரமாகப் பாதியாகும்.

## ஒரே பார்வையில்

| அளவை | துறை தாண்டுமா | கூட்டாசிரியரைப் பிரிக்குமா | ஊதிப் பெருக்குவது | செலவு | எதற்கு |
|---|---|---|---|---|---|
| எச்-குறியீடு | இல்லை | இல்லை | எளிது | இலவசம், 2 நிமிடம் | ஒரே உட்துறை, ஒரே மூப்பு |
| மொத்த மேற்கோள், ஐ10 | இல்லை | நாமே வகுத்தால் | மிக எளிது | இலவசம் | ராட்சதக் கட்டுரையைக் கண்டுபிடிக்க |
| யுஜிசி புள்ளி | அரைகுறை | தவறான திசையில் | எளிது | அலுவலக நேரம் | தகுதிக் கதவு |
| துறைச் சராசரி எண் | ஆம் | இல்லை | நடுத்தரம் | ஓப்பன்அலெக்ஸில் இலவசம் | பெரிய குழு, துறை மதிப்பீடு |
| முதல் 10 விழுக்காட்டுப் பங்கு | ஆம் | இல்லை | கடினம் | டிஓஐ பட்டியல் இருந்தால் ஆளுக்கு ஒரு மணி நேரம் | பல துறையினர் போட்டியில் முதல் சுற்று |
| 2 விழுக்காடு அட்டவணை | பெருமளவு | ஓரளவு | நடுத்தரம் | இலவசம் | மூத்தவர்கள், துணைச் சான்றாக |
| ஐந்து பணி வாசிப்பு | ஆம் | ஆம் | கடினம் | 3 பேருக்கு 60 மணி நேரம் | கடைசிச் சுற்று |

## யார் எதை எடுப்பது

பல துறையினர் போட்டியிடும் கல்லூரி விருதுக்கு: யுஜிசி தகுதியைக் கதவாக வையுங்கள். டிஓஐ பட்டியலை ஓப்பன்அலெக்ஸில் இட்டு முதல் 10 விழுக்காட்டுப் பங்கையும், ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்த மேற்கோளையும் எடுங்கள். திரும்பப் பெற்ற கட்டுரைகளை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் சோதியுங்கள். 2023 முதல் அது இலவசம். மேலே வந்த மூவரின் ஐந்து பணிகளை வெளியாட்களிடம் கொடுங்கள். அவர்களிடம் எச்-எண்ணைக் காட்டாதீர்கள். எண்ணைப் பார்த்த கண் கட்டுரையை வேறு விதமாகப் படிக்கும்.

உதவிப் பேராசிரியர் நியமனத்தில், முனைவர் பட்டம் முடித்து மூன்று ஆண்டு ஆனவர்களை எந்த மேற்கோள் எண்ணாலும் வரிசைப்படுத்த முடியாது. எண்கள் மிகச் சிறியவை. இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு அவர்களோடு அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசுவதே வழி.

ஒரு துறையின் பத்தாண்டுப் பணியை மொத்தமாகப் பார்க்க, 100 கட்டுரைக்கு மேல் இருந்தால், துறைச் சராசரி எண் தாராளமாகப் போதும். நடு எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள்.

தமிழ், வரலாறு, சுவடி, கல்வெட்டு என்றால் மேற்கோள் எண்ணை எடுக்கவே வேண்டாம். புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்புகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. அவற்றிலிருந்து ஒரு நூலைப் பாடபேதத்தோடு பதிப்பிக்கப் பல ஆண்டுகள் ஆகும், ஸ்கோபஸில் அது ஒரு வரியாகக்கூட வராமல் போகலாம். கூகுள் ஸ்காலரும் முழுதாகக் காப்பாற்றாது. பழைய தமிழ் இதழ்களின் பிடிஎஃப்கள் பல யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. பார்க்கத் தமிழ், தேடுபொறிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அதிலுள்ள மேற்கோள் யாருக்கும் சேராது. இந்தத் துறையினருக்கு ஐந்து பணி வாசிப்பை முதல் சுற்றிலேயே தொடங்குங்கள். பதிப்பு எத்தனை சுவடிகளை ஒப்பிட்டது, எந்தப் பல்கலைப் பாடத்திட்டத்தில் இருக்கிறது, அடுத்து வந்த பதிப்பாளர்கள் எந்தப் பாடத்தை ஏற்றார்கள் என்று கேளுங்கள். பதிப்பாளர்கள் தாங்களும் ஒன்று செய்யலாம்: பழைய கட்டுரைகளை யுனிகோடுக்கு மாற்றி, ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் விவரத்தோடு கல்லூரித் தளத்தில் ஏற்றலாம். ஒரு கட்டுரையை மாற்றிப் பிழை திருத்த ஒரு மாலை போதும்.